நூலகச் சேகரிப்புகளை மின்னுருவாக்குதல்: நிதி தேடுவது முதல் எல்லோரும் படிக்கத் திறந்துவைப்பது வரை

தமிழ்நாட்டின் பழைய வாசகசாலைகளிலும் மடங்களின் நூல்நிலையங்களிலும் ஆர்வலர்களின் வீட்டு அலமாரிகளிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அச்சான நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் இன்றும் இருக்கின்றன. அவற்றில் மரக்கூழ்த் தாளில் அச்சானவற்றைத் தாளுக்குள்ளேயே இருக்கும் அமிலம் ஆண்டுக்காண்டு பழுப்பாக்கி, தொட்டால் உதிரும் நிலைக்குக் கொண்டுவருகிறது. இவற்றை மின்னுருவாக்க வேண்டும் என்பதை மறுப்பவர் இல்லை. அதற்கான பணம் எங்கிருந்து வரும், பணம் தருபவர் வைக்கும் நிபந்தனைகளுக்குப் பிறகும் அந்த நூல்கள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

சிறிய நூலகம் ஒன்றை நடத்துபவர்களுக்கும், ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள சேகரிப்பைக் காக்க நினைப்பவர்களுக்கும், தந்தை வழியாகவோ பாட்டன் வழியாகவோ வந்த நூல்களை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் குடும்பத்தினருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நூல்களை யார் படிக்கலாம் என்பதை நூலகம் தீர்மானிக்கும் முன்பே பணம் வந்துவிட்டால், அதைத் தீர்மானிக்கும் உரிமையும் பணத்தோடு போய்விடும். ஆகவே கீழே சொல்லப்படும் வரிசை முக்கியமானது. பலரும் ஸ்கேன் இயந்திரத்தின் விலையை விசாரிப்பதில் தொடங்குகிறார்கள். அது இந்த வரிசையில் மிகவும் பின்னால் வருவது.

முதல் படி: யார், எப்படி, எந்த நிபந்தனையில் படிக்கலாம் என்பதை எழுதிவைத்தல்

நிதி கேட்டு யாருக்கும் கடிதம் எழுதுவதற்கு முன், ஒரே பக்கத்தில் அணுகல் கொள்கை ஒன்றை எழுதி, நிர்வாகக் குழுவின் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். மின்படிகளை எவரும் பதிவு செய்யாமலே பார்க்கலாமா, பார்க்க மட்டுமா அல்லது இறக்கிக்கொள்ளவும் செய்யலாமா, இறக்கியதை மறுபதிப்பாகவோ ஆய்வுக்காகவோ பயன்படுத்த அனுமதி வேண்டுமா, எவற்றை எந்தக் காரணத்துக்காக எவ்வளவு காலம் திறக்காமல் வைப்போம் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உயிரோடு இருப்பவர்களின் கடிதங்கள், குடும்பச் சொத்துத் தகராறு குறித்த ஆவணங்கள், ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவர் மீது சுமத்தப்பட்ட குற்றத்தைச் சொல்லும் ஏடுகள் ஆகியவற்றை அச்சு நூலோடு ஒன்றாகக் கருதி இணையத்தில் போட்டுவிடக் கூடாது.

மூலப்படி எங்கே இருக்கும் என்பதையும் இந்தப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இதற்குத் தமிழுலகில் நல்ல முன்மாதிரி உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த, ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட சேகரிப்பை, 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் நூல்கள் கப்பலேறவில்லை. அவை சென்னையிலேயே ஓர் ஆய்வு நூலகமாக அமைக்கப்பட்டன. நுண்படச் சுருளில் (மைக்ரோஃபிலிமில்) எடுத்த பிரதிகளே சிகாகோவுக்குப் போயின. பணம் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் மூலம் தமிழ் வாசகர் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் நின்றது. பிறகு வந்த பல திட்டங்களுக்கு இந்த ஏற்பாடே சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: கையில் இருப்பது என்ன, ஏற்கெனவே கிடைப்பது என்ன

சேகரிப்பில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாசிரியர் அல்லது உரையாசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, தாளின் நிலை ஆகியவற்றைக் கொண்ட எளிய பட்டியல் ஒன்றைக் கணினி விரிதாளில் தயாரிக்க வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் போதும். ஆனால் இந்தப் பட்டியல் இல்லாத விண்ணப்பத்தை எந்த நிதி நிறுவனமும் பொருட்படுத்தாது.

பட்டியல் முடிந்ததும், ஒவ்வொரு தலைப்பும் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், இலவச இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ், ஈழத்து எழுத்துகளுக்கு நூலகம் நிறுவனத்தின் தளம், எழுத்துவடிவில் தட்டச்சு செய்யப்பட்ட இலக்கியங்களுக்கு மதுரைத் திட்டம் ஆகிய நான்கையும் தேடினாலே பெரும்பகுதி தெரிந்துவிடும். ஒரே நூலின் முதற்பதிப்பும் நான்காம் பதிப்பும் வேறு வேறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, எங்குமே இல்லாதவற்றுக்கு முதல் இடமும், சிதைந்த நிலையில் மட்டும் கிடைப்பவற்றுக்கு இரண்டாம் இடமும் தர வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்களின் விண்ணப்பத்தில், ‘எங்களிடம் ஐயாயிரம் நூல்கள் உள்ளன’ என்பதற்குப் பதிலாக, ‘எங்களிடம் உள்ளவற்றில் இத்தனை நூல்கள் வேறெங்கும் மின்வடிவில் இல்லை’ என்ற வரி இருக்கும். நிதி தருபவர் தேடுவது இந்த இரண்டாவது வரியைத்தான்.

மூன்றாம் படி: பதிப்புரிமை வாரியாகப் பிரித்தல்

பொதுமக்களுக்குத் திறப்பதா வேண்டாமா என்பதை நூலகத்தின் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை, சட்டமும் தீர்மானிக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். ஆகவே அவருடைய எழுத்துகள் 2003 ஜனவரி 1 முதல் எவரும் பயன்படுத்தத்தக்கவை. ஆசிரியர் பெயரே இல்லாத நூலுக்கும், யாரென்று தெரியாத புனைபெயரில் வந்த நூலுக்கும், அரசு வெளியீடுகளுக்கும் வெளியான ஆண்டிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால், கடைசியாக இறந்தவரைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

தமிழ் நூல்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூலம் ஆயிரம் ஆண்டுப் பழமையானதாக இருக்கும். அதற்கு உரை எழுதியவர் 1985-இல் இறந்திருப்பார். மொழிபெயர்ப்பும் நீண்ட முன்னுரையும் வேறொருவருடையதாக இருக்கும். திருக்குறளுக்கோ குறுந்தொகைக்கோ பதிப்புரிமை இல்லை என்பதால் அந்தப் பதிப்பு முழுவதையும் திறந்துவிடலாம் என்று நினைப்பது தவறு. உரைக்கு உரையாசிரியரின் இறப்பாண்டைப் பார்த்தாக வேண்டும். இதழ்களில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கதைக்கும் உரிமை தனித்தனியானது. இலங்கையில் இயங்கும் நூலகங்களுக்கு 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் என்று வரையறுக்கிறது. சிங்கப்பூரிலும் 70, மலேசியாவில் 50. ஆகவே ஒரே சேகரிப்பு இரு நாடுகளில் வைக்கப்படும்போது, எந்த நாட்டிலுள்ள நிறுவனம் வெளியிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நூலகங்களுக்குத் தரும் சலுகைகளைப் பலர் பயன்படுத்துவதில்லை. 2012-இல் சேர்க்கப்பட்ட 52(1)(n) உட்பிரிவு, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப்படியாக உள்ள ஒரு நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துவைக்க அனுமதிக்கிறது. இணையத்தில் வெளியிட அது அனுமதி தருவதில்லை. ஆனால் இன்று ஸ்கேன் செய்து வைத்துவிட்டு, உரிமைக் காலம் முடியும் ஆண்டில் திறக்கலாம் என்ற வழியை அது காட்டுகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் உகந்த வடிவில், இலாபமின்றி நூல்களை ஆக்கித்தருவதற்கும் அதே 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனவே பட்டியலில் ‘திறக்கும் ஆண்டு’ என்று ஒரு கட்டத்தைச் சேர்ப்பது அவசியம். அந்த ஆண்டு வந்ததும் நூலைத் திறப்பவர் இன்றைய நிர்வாகிகளில் ஒருவராக இருக்கமாட்டார் என்பதால், அது எழுத்தில் இருந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பெரிய வாய்ப்பு நாட்டுடைமை. பாரதியாரின் எழுத்துகளில் தொடங்கிய இந்த மரபில், நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு அரசு பரிவுத்தொகை கொடுத்து, அவற்றை எவரும் வெளியிடலாம் என்று ஆக்கியிருக்கிறது. உரிமைக்கான பணத்தை அரசே ஒரே முறையில் கொடுத்துவிட்டதால், நூலகம் அதற்காக நிதி தேட வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் ஸ்கேன் கோப்புகளை, எவரும் பங்களிக்கக்கூடிய இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்துக்குத் தந்ததும், தன்னார்வலர்கள் அவற்றை மெய்ப்புப் பார்த்துத் தேடத்தக்க எழுத்தாக மாற்றிவருவதும் இந்த ஏற்பாட்டால்தான் நடந்தன. பிற மொழியினர் பொறாமைப்படத்தக்க வசதி இது. எனினும் நாட்டுடைமை ஆசிரியரின் நூலைப் பிற்காலப் பதிப்பிலிருந்து ஸ்கேன் செய்தால், அதில் சேர்க்கப்பட்ட பிறர் முன்னுரையும் ஓவியங்களும் நாட்டுடைமை ஆகிவிடுவதில்லை; கூடுமானவரை பழைய பதிப்பையே எடுக்க வேண்டும்.

இந்த மூன்று வழியிலும் சேராத நூல்களுக்கு வாரிசுகளிடம் அனுமதி கேட்க வேண்டியதுதான். கடிதத்தில் நூல்களின் பட்டியல், இணையத்தில் இலவசமாகப் படிக்கவும் இறக்கவும் தருவது, இந்த அனுமதியால் வாரிசுகளின் வணிக உரிமை பறிபோகாது என்பது ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். வாரிசுகள் யாரென்றே தெரியாத நூல்களுக்கு 31அ பிரிவின் கீழ் உரிமம் பெற வழி இருக்கிறது என்றாலும், நாளிதழ் விளம்பரம், மனு என்று அது நீள்வதால் சிறிய நூலகத்துக்கு ஏற்றதல்ல. அவற்றை ஸ்கேன் செய்து, நூலகத்துக்கு உள்ளேயுள்ள கணினியில் மட்டும் காட்டுவது பாதுகாப்பானது.

நான்காம் படி: செலவைக் கணக்கிடுதல்

செலவுத் திட்டத்தில் ஸ்கேன் இயந்திரத்துக்கும் கணினிக்கும் பெரிய தொகையை ஒதுக்கிவிட்டு, ஆட்களுக்குச் சிறிய தொகையை எழுதுவது வழக்கமான தவறு. நூலைத் தூசு தட்டி, கிழிந்த பக்கத்தைச் சீர்செய்து, படமெடுத்து, பக்க வரிசையைச் சரிபார்த்து, விவரங்களைப் பதிந்து, கோப்புக்குப் பெயரிட்டு ஏற்றுவது வரையிலான வேலையில் படமெடுப்பது ஒரு பங்குதான். விவரப் பதிவுக்கும் சரிபார்ப்புக்கும், படமெடுப்புக்கு ஒதுக்கும் அதே அளவு ஆள்நேரத்தையாவது ஒதுக்க வேண்டும்.

சேமிப்பிடத்தைக் கணக்குப் போட்டே காட்ட வேண்டும். ஏ5 அளவுள்ள ஒரு பக்கத்தை 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) முழு வண்ணத்தில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 23 மெகாபைட் வரும். 200 பக்க நூல் ஒன்றுக்கு நாலரை ஜிகாபைட்டுக்கு மேல். ஆயிரம் நூல்களுக்கு நாலரை டெராபைட்டுக்கு மேல். மூன்று பிரதிகள் வைப்பதென்றால் 14 டெராபைட். ஹார்டு டிஸ்க்குகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்பதால், இந்தச் செலவு திட்டம் முடிந்த பிறகும் தொடரும். இணையதளத்தின் பெயர்ப் பதிவு, வழங்கி (சர்வர்) கட்டணம், ஹார்டு டிஸ்க் மாற்றம் ஆகியவற்றுக்குப் பத்தாண்டுத் தொகையை முதலிலேயே கணக்கில் சேர்த்து, நிதி தருபவர் அதை ஏற்காவிட்டால் வேறு வழியில் திரட்டி வைப்புநிதியாகப் போட்டுவிட வேண்டும்.

ஐந்தாம் படி: பணம் இருக்கும் இடங்கள்

நம் நாட்டுப் பொதுப்பணத்திலிருந்து தொடங்குவோம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் உருவான 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகங்கள் சட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் சொத்துவரியோடு நூலக வரி வசூலிக்கப்படுகிறது. இன்று அது சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு. உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்து நூலக ஆணைக்குழுக்களுக்குச் செலுத்தும் இந்தப் பணம் பொது நூலகத்துறையின் நூலகங்களுக்கானது. தனியார் வாசகசாலை நேரடியாகப் பெற முடியாது. ஆனால் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கென்று வரி கட்டும் மாநிலத்தில், அதில் ஒரு பகுதியை மாவட்டத்துக்கு ஒரு ஸ்கேன் மையத்துக்காக ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. அந்த மையத்தில் சுற்றுவட்டாரத் தனியார் சேகரிப்புகளும் பயன்பெற முடியும். இந்தக் கோரிக்கையை ஊர்ப் பெரியவர்களும் வாசகர் வட்டங்களும் எழுத்தில் வைக்க வேண்டும்.

1972-இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, நடுவண் அரசின் சார்பில் பொது நூலகங்களுக்கும் தகுதியுள்ள தன்னார்வ அமைப்புகளின் நூலகங்களுக்கும் உதவித்தொகை வழங்குகிறது. ஓலைச்சுவடிகள் இருந்தால், 2003-இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கத்தின் தொடர்ச்சியாக, 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் திட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்துவது அதன் நோக்கம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு வழி. நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமோ வணிகமோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டை இதற்குச் செலவிட வேண்டும்; ஏழாம் அட்டவணையில் பண்பாட்டு மரபைக் காப்பதும் பொது நூலகங்களை அமைப்பதும் தெளிவாக இடம்பெற்றுள்ளன. இதைப் பெற அறக்கட்டளைக்கு, 1961 வருமான வரிச் சட்டத்தில் 12ஏ, 80ஜி எனப்பட்ட வரிச்சலுகைப் பதிவுகளும், நிறுவன விவகார அமைச்சகத்திடம் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் நிதியாண்டுக்குள் செலவழித்து முடிக்க விரும்புவதால், ஓராண்டில் முடியும் அளவுக்கு வேலையைப் பகுத்துக் கேட்பது பலன் தரும்.

வெளிநாட்டு நிதியில் முக்கியமானவை இரண்டு. 2004 முதல் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழிவாய்ப்புள்ள ஆவணங்கள் திட்டம், பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய ஆவணங்களுக்கானது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களையும், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களையும் இந்த உதவியில் மின்னுருவாக்கின. 2018 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் திட்டம் இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டு ஆவணங்களுக்கானது. இரண்டுக்கும் ஆர்கேடியா என்ற அறநிதியம் பணம் தருகிறது. மூலம் அது தோன்றிய நாட்டிலேயே இருக்க வேண்டும், மின்படி இலவசமாக எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை. பொதுமக்கள் அணுகலை நிபந்தனையாக வைக்கும் நிதி என்பதால், உங்கள் முதல் படித் தீர்மானத்தோடு இது எளிதில் பொருந்தும்.

ஆனால் இந்திய அறக்கட்டளை ஒன்று வெளிநாட்டுப் பணத்தைத் தொட, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன் கீழ் பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, இந்தப் பணத்தை முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும்; நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; பெற்ற நிறுவனம் அதை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஆகவே பதிவுள்ள பெரிய நிறுவனம் வாங்கிச் சிறிய நூலகத்துக்குப் பிரித்துத் தரும் பழைய வழி அடைபட்டுவிட்டது. பெரிய நிறுவனமே ஆட்களை நியமித்து, உங்கள் நூலகத்துக்கு வந்து, தன் செலவில் வேலையை முடித்துத் தரும் வகையில் ஒப்பந்தம் அமைக்க வேண்டும். இதை நிதி கிடைத்த பிறகு யோசித்தால் பணம் கணக்கிலேயே தங்கிவிடும்.

மக்களின் சிறு நன்கொடையையும் தாழ்வாக நினைக்க வேண்டாம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பை மட்டும் நம்பித் தொடங்கியது. நூலகம் தளம் 2005-இல் ஈழத்து இளைஞர்களின் முயற்சியாகத் தொடங்கி, புலம்பெயர்ந்தோரின் நன்கொடையோடு இன்று ஈழத்து எழுத்தைத் தேடும் எவரும் முதலில் செல்லும் இடமாகியிருக்கிறது. இத்தகைய பணத்தில் ஒரு சிறப்பு உண்டு: நூறு பேர் சிறிது சிறிதாகக் கொடுத்த நிதிக்கு, படிப்பவரைத் தடுக்கும் நிபந்தனையை யாரும் வைப்பதில்லை.

ஆறாம் படி: ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

நிதி தருபவரோடு செய்யும் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பின்னரே கையெழுத்திட வேண்டும். எனினும் எதைத் தேட வேண்டும் என்பதை நூலகத்தாரே அறிந்திருப்பது நல்லது.

2013-இல் பிரான்சின் தேசிய நூலகம், 1470 முதல் 1700 வரை அச்சான 70,000 நூல்களை மின்னுருவாக்க புரோகுவெஸ்ட் என்ற தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பத்தாண்டு வரை நூலகக் கட்டடத்துக்குள் மட்டுமே இலவசமாகப் பார்க்க முடியும் என்பது நிபந்தனை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட நூல்களுக்கு மறுபடி வேலியா என்று நூலகர்களும் ஆய்வாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் பழைய செய்தித்தாள்கள் தனியார் நிறுவனத்தின் முதலீட்டில் மின்னுருவாகி, 2011 முதல் கட்டணத் தளமாக வெளிவந்தன. பத்து லட்சம் பக்கங்கள் இலவசமானது 2021-இல்தான். அந்தப் பணம் வராமல் இருந்தால் அந்தச் செய்தித்தாள்கள் இன்னும் கிடங்கில் இருந்திருக்கும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் இது ஊர்ப் பொதுக்குளத்தை ஒருவருக்கு ஒத்திக்கு விடுவது போன்றது. விட்டே ஆக வேண்டுமென்றால், திரும்பும் நாளைப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும்.

ஆகவே ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரிமை தரும் தனியுரிமைப் பிரிவு எதுவும் வேண்டாம் என்பதே முதல் நிலைப்பாடு. தவிர்க்க முடியாதபோது, அது முடியும் தேதி நாள், மாதம், ஆண்டோடு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ‘திட்டம் நிறைவடைந்த பின்’ என்பது போன்ற தெளிவற்ற சொற்கள் கூடாது. முழுத் தரமுள்ள மூலக் கோப்புகளின் ஒரு தொகுதி தவணைதோறும் நூலகத்தின் கைக்கு வர வேண்டும். சிறிய பிடிஎஃப் கோப்புகளை மட்டும் கொடுத்துவிட்டு, டிஃப் கோப்புகளை நிறுவனம் வைத்துக்கொள்ள இடமளிக்கக் கூடாது. அந்தக் கோப்புகளை நூலகம் தான் விரும்பும் எவருக்கும் தரலாம் என்பதும், பதிப்புரிமை முடிந்த நூலை ஸ்கேன் செய்ததால் யாருக்கும் அதில் புதிய உரிமை பிறப்பதில்லை என்பதும் எழுதப்பட வேண்டும். நன்கொடையாளரின் பெயரை முதல் பக்கத்தில் நன்றியோடு போடலாம். ஒவ்வொரு பக்கத்தின் எழுத்தின் மேலும் முத்திரை பதிக்க ஒப்புக்கொள்ளக் கூடாது. அது படிப்பவருக்கும் இடையூறு, படத்திலுள்ள எழுத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளுக்கும் இடையூறு.

பணம் தரும் தவணையைப் பக்க எண்ணிக்கையோடு மட்டும் இணைத்தால் வேகம் கூடும், தரம் குறையும். தரச் சோதனையில் தேறிய பக்கங்களுக்கே தவணை என்று எழுத வேண்டும்.

ஏழாம் படி: படமெடுப்பும் விவரப் பதிவும்

படமெடுப்பதைப் பற்றி இணையத்தில் நிறையவே எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய நூலைத் தட்டைப் படுக்கை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தக் கூடாது. மேலிருந்து படமெடுக்கும் கேமரா அமைப்பும், நூலை முழுக்க விரிக்காமல் தாங்கும் தொட்டிலும் வேண்டும். அட்டை, வெற்றுப் பக்கம், விளம்பரப் பக்கம், முன்னாள் உரிமையாளரின் கையெழுத்து எதையும் விட்டுவிடாமல் எடுக்க வேண்டும்.

விவரப் பதிவுதான் அணுகலின் உயிர். இந்திய மின்னூலகம் என்ற பெயரில், 2000-களில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பத்து லட்சம் நூல்கள் திட்டத்தோடு இணைந்து இந்தியாவில் லட்சக்கணக்கான நூல்கள் ஸ்கேன் செய்யப்பட்டன. தமிழ்த் தலைப்புகள் அதில் ரோமன் எழுத்தில் தாறுமாறாகப் பதியப்பட்டதால், இருக்கும் நூலையே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாத நூல் மூடிய நூலுக்குச் சமம். தலைப்பையும் ஆசிரியரையும் தமிழில் ஒருங்குறி (யூனிகோடு) எழுத்தில், தலைப்புப் பக்கத்தில் உள்ளபடியே பதிய வேண்டும். ஆசிரியரின் பெயர் வெவ்வேறு நூல்களில் வெவ்வேறாக இருந்தால், பொது வடிவம் ஒன்றைத் தனிக் கட்டத்தில் சேர்க்க வேண்டும்.

ஆண்டைப் பதிவதில் கூடுதல் கவனம் தேவை. பல பழைய நூல்கள் தமிழ் வருடப் பெயரை மட்டும் சொல்லும். பிரபவ என்றால் அது 1867-இல் தொடங்கியதா, 1927-இல் தொடங்கியதா, 1987-இல் தொடங்கியதா என்பதை அச்சகத்தின் பெயர், எழுத்துருவின் வடிவம், விலை, சிறப்புப்பாயிரம் தந்தவர்களின் காலம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். உறுதியில்லாதபோது அடைப்புக்குறிக்குள் உத்தேச ஆண்டு என்று குறித்துக்கொள்ளலாம். பதிப்புரிமைக் கணக்கே இந்த எண்ணில் தொங்கும் நூல்கள் உண்டு என்பதால், ஊகத்தை உண்மைபோல் எழுதிவிடக் கூடாது.

எட்டாம் படி: திறந்துவைத்தல்

சொந்தமாக அழகிய இணையதளம் கட்டுவதற்குப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. ஏற்கெனவே வாசகர் கூடும் இடங்களில் நூலைக் கொண்டுபோய் வைப்பதே சிறந்தது: ஒரு பிரதி தமிழ் மின்னூலகத்தில், ஒரு பிரதி இன்டர்நெட் ஆர்க்கைவில். இரண்டிலிருந்தும் உங்கள் நூலகத்தின் எளிய பட்டியல் பக்கத்துக்கு இணைப்பு இருந்தால் போதும். படிப்பதற்கு உறுப்பினர் பதிவு கேட்கக் கூடாது. நம் வாசகர்களில் மிகப் பலர் கைப்பேசியில் படிப்பவர்கள். ஆகவே முழுத் தரக் கோப்போடு, சில மெகாபைட்டுக்குள் அடங்கும் சிறிய கோப்பையும் தர வேண்டும்.

ஸ்கேன் செய்த படத்துக்குள் தேட முடியாது. எழுத்துணரி இன்றைய தமிழ் அச்சை நன்றாகவே படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களிலும், புள்ளியிடாத பழைய அச்சிலும் தடுமாறுகிறது. எனவே திருத்தாத எழுத்துணரி வடிவத்தையும் தேடலுக்காகப் பின்னணியில் சேர்த்துவிட்டு, முக்கியமான நூல்களை விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கக் கல்லூரித் தமிழ்த்துறைகளைக் கேட்கலாம். பார்வையற்றோரின் திரைபடிப்பானுக்கும் இந்த எழுத்து வடிவமே பயன்படும்.

உரிமை மீறல் குறித்த புகார் வந்தால் யாருக்கு எழுத வேண்டும், எத்தனை நாளில் பதில் தரப்படும் என்பதைத் தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்க வேண்டும். புகார் வந்தவுடன் நூலை மறைத்துவிட்டு விசாரிக்கலாம். ஆதாரமற்ற புகார் என்றால் மறுபடி திறக்கும் துணிவும் வேண்டும்.

ஒன்பதாம் படி: நிதி முடிந்த பிறகு

1981 மே 31 இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவையும் அவற்றோடு போயின. மின்படி அந்த அச்சத்தை நீக்கிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்திய மின்னூலகத்தின் தளம் பிறகு செயலிழந்தது. தன்னார்வலர்கள் அதற்குமுன் அவற்றில் பெரும்பகுதியை இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு நகலெடுத்திராவிட்டால் அந்த உழைப்பு எல்லாம் வீணாகியிருக்கும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு அதன் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. மறு ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாட்கள் மூடிக்கிடந்தது. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

மூல டிஃப் கோப்புகளின் மூன்று பிரதிகளில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். சென்னையில் இரண்டு இடத்தில் வைப்பது, வெள்ளக் காலத்தில் ஒரே இடத்தில் வைப்பதற்குச் சமமாகிவிடலாம். ஒவ்வொரு கோப்புக்கும், கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்ணை (செக்சம்) உருவாக்கி, ஆண்டுக்கு ஒருமுறை கோப்புகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆயுத பூசையன்று நூல்களை அடுக்கித் துடைக்கும் வழக்கம் உள்ள நூலகங்கள், அதே வாரத்தில் இதையும் செய்துவிடலாம்.

இணையதளப் பெயரையும் மின்னஞ்சலையும் தனி ஒருவரின் பெயரில் பதியாமல் அறக்கட்டளையின் பெயரில் பதிந்து, கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் இரண்டு அறங்காவலர்களிடம் வைக்க வேண்டும். அறக்கட்டளை செயல்படாமல் போனால் கோப்புகளும் மூல நூல்களும் எந்த நிறுவனத்துக்குச் செல்லும், அங்கேயும் அவை இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்பதை இப்போதே தீர்மானமாக நிறைவேற்றி, அந்த நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதலைப் பெற்று, தீர்மானத்தின் நகலை அதனிடமும் சேகரிப்பை அளித்த குடும்பத்திடமும் கொடுத்துவைக்க வேண்டும்.